ஒரு கோட்டருக்கு எத்தனை டிரிங்க்? குடிநோயாளிகளிடம் கேள்வித்தாளை வேலிடேட் செய்யப் போகிறவர்களுக்கு

"டேட்டா எடுத்தாச்சு சார், அனாலிசிஸ் மட்டும்தான் பாக்கி" என்று தீசிஸ் கொடுக்க மூன்று வாரம் இருக்கும்போது வருகிற போன்களுக்காகவே இதை எழுதுகிறேன். சைக்காலஜி, எம்.எஸ்.டபிள்யூ., சைக்கியாட்ரி எம்.டி. என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும். கதை ஒன்றுதான். இங்கிலீஷில் இருக்கிற ஒரு கேள்வித்தாளைத் தமிழாக்கி, சென்னையில் ஏதோ ஒரு போதை மீட்பு வார்டில் நூறு பேரிடம் கொடுத்து வாங்கி, கம்ப்யூட்டரில் ஏற்றி, க்ரோன்பாக் ஆல்ஃபா (பதில்களின் உள் ஒற்றுமையைக் காட்டும் எண்) 0.8-க்கு மேல் வந்துவிட்டது, ஆகவே வேலிடேஷன், அதாவது தாள் அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா என்ற சோதனை, முடிந்தது என்பார்கள். முடியவில்லை. பல சமயம் அது ஆரம்பிக்கவே இல்லை.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு ஓ.பி. வராந்தா. பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மாணவி 'ஆடிட்' கேட்டுக்கொண்டிருந்தார். கணக்குத் தணிக்கை இல்லை, குடிப்பழக்கத்தைக் கண்டுபிடிக்க உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய பத்துக் கேள்விகள். மொத்தம் 40 மதிப்பெண், 8 தொட்டாலே கவனிக்க வேண்டும். எதிரே ஒரு பெயிண்டர், நாற்பது நாற்பத்தைந்து வயது, நகக்கண்ணில் இன்னும் எனாமல் காயவில்லை.

"குடிக்கிற நாள்ல எத்தனை டிரிங்க் குடிப்பீங்கண்ணா?"

"ஒண்ணுதாம்மா."

மாணவி 0-வைச் சுழித்தார். அடுத்தது, ஒரே தடவையில் ஆறு டிரிங்கோ அதற்கு மேலோ எவ்வளவு அடிக்கடி என்ற கேள்வி.

"ஆறா? செத்துருவேம்மா!"

இன்னொரு 0. எனக்குப் பொறுக்கவில்லை. "ஒண்ணுன்னா என்னண்ணே?" என்றேன். "ஒரு கோட்டரு சார்." தினமுமா? "தினமும்தான். வேலை இல்லாத நாளும் சேத்து."

கணக்குப் போட்டுப் பாருங்கள். கோட்டர் 180 மி.லி. நம்மூர் பிராந்தி, ரம்மில் ஆல்கஹால் 42.8 சதவீதம், ஆக 77 மி.லி. சுத்த ஆல்கஹால், எடையில் ஏறக்குறைய 61 கிராம். ஆடிட் ஒரு டிரிங்க் என்று சொல்வது 10 கிராமை. அப்படியானால் ஒரு கோட்டரே ஆறு டிரிங்க். அந்த அண்ணனுக்கு இரண்டாவது கேள்வியில் 2, மூன்றாவதில் 'தினமும்' என்பதற்கு முழு 4, மொத்தம் 6 மதிப்பெண் போயிருக்க வேண்டும், கிடைத்தது பூஜ்யம். கோடு 8-ல் இருக்கும்போது 6 மதிப்பெண் காணாமல் போவது சின்ன விஷயம் இல்லை. இப்படி நூறு பேரும் ஒரே மாதிரி தப்பாகப் புரிந்துகொண்டாலும் உங்கள் ஆல்ஃபா அழகாகத்தான் வரும், ஏனென்றால் ஆல்ஃபா பார்ப்பது பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப் போகிறதா என்பதை மட்டும்தான், அவை உண்மையோடு ஒத்துப் போகிறதா என்பதை இல்லை.

அதனால் முதல் வேலை உள்ளூர் அளவுகளுக்கு ஒரு பட்டியல். கோட்டர், கட்டிங் (பாதிக் கோட்டர், மூன்று டிரிங்க்), ஆஃப், ஃபுல், 650 மி.லி. பீர் பாட்டில். பீரில் சதவீதம் முக்கியம்: 5 சதவீதம் என்றால் பாட்டிலுக்கு இரண்டரை டிரிங்க், 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் நான்கு. பாட்டில் படங்களை அச்சடித்து ஒரு அட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆளிடம் அவர் பாஷையில் கேளுங்கள், டிரிங்காக மாற்றுவது உங்கள் வேலை.

எதற்காக, யாருக்காக

மொழிபெயர்க்க உட்காரும் முன் தமிழில் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதை எடுத்து இந்தக் கூட்டத்தில் சோதிப்பது புதிதாக ஒன்று செய்வதைவிட உபயோகமானது, என்ன, கைடுகளுக்கு அது அவ்வளவு ருசிக்காது. உரிமை விஷயமும் இருக்கிறது. ஆடிட் இலவசம், மனச்சோர்வுக்கான பி.எச்.க்யூ-9 இலவசம், பெக்கின் மனச்சோர்வு அளவுகோல் காசு. எதுவானாலும் ஒரு மெயில் போட்டு, வந்த பதிலைக் கோப்பில் வையுங்கள்.

அப்புறம், கருவியை எதற்கு என்று ஒரு வரியில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். சந்தேகப்படும்படியானவர்களைச் சல்லடையில் பிரிக்கவா, நோயின் கடுமையை அளக்கவா, சிகிச்சையில் முன்னேற்றம் பார்க்கவா? மூன்றுக்கும் வேறு வேறு சோதனை. 'தமிழில் வேலிடேட் ஆன ஸ்கேல்' என்று பொதுவாக எதுவும் கிடையாது. கல்லூரி மாணவர்களிடம் சரியாக வேலை செய்தது, குடியை நிறுத்தி உடம்பைத் தெளிய வைக்கும் டீடாக்ஸ் வார்டில் மூன்றாம் நாளில் இருக்கிறவரிடம் வேலை செய்யும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

மொழிபெயர்ப்பு

முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்குவது, அதில் ஒருவர் துறைக்கு வெளியே இருப்பவர். உட்கார்ந்து இரண்டையும் ஒன்றாக்குவது. மூலத்தைப் பார்க்காத இன்னும் இரண்டு பேர் திரும்ப இங்கிலீஷுக்குக் கொண்டுபோவது. கடைசியில் ஒரு நிபுணர் குழு. குழுவில் ஆறு பேரோ மேலோ இருந்தால் ஒவ்வொரு கேள்விக்கும் பொருத்த மதிப்பு (கேள்வி பொருத்தம் என்று சொன்னவர்களின் பங்கு) 0.78-க்குக் குறையக் கூடாது, ஐந்து பேருக்குள் என்றால் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தக் குழுவில் குடியை விட்டு இரண்டு மூன்று வருடமான ஒருவரைக் கட்டாயம் சேருங்கள். என் அனுபவத்தில் பேராசிரியர்கள் ஒற்றுப்பிழை பிடிக்கும் நேரத்தில் அவர்தான் "இதை யாரும் இப்படிச் சொல்ல மாட்டாங்க சார்" என்பார்.

திரும்ப மொழிபெயர்ப்பதை மட்டும் ரொம்ப நம்பாதீர்கள். அது அகராதிச் சொற்களுக்குப் பரிசு கொடுக்கிற முறை. ஆடிட்டின் ஏழாவது கேள்வியில் 'குற்ற உணர்வு' என்று போட்டால் திரும்பும்போது கச்சிதமாக 'கில்ட்' என்றே வரும், எல்லோருக்கும் திருப்தி. வார்டில் கேட்டால் காதில் விழுவது 'குற்றம்'. ஒருவர் என்னிடம் பதறிப்போய், "எம் மேல எந்த கேஸும் இல்ல சார்" என்றார். 'குடித்ததை நினைத்து மனசு உறுத்தியதா' என்று மாற்றினோம், சட்டென்று தலையாட்டினார்கள்.

பி.எச்.க்யூ-9-ல் இதைவிட மோசமான பொறி ஒன்று இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் 'பாதி நாட்களுக்கும் மேல்' என்று ஒரு பதில். நம் காதில் 'பாதி நாள்' என்றால் அரை நாள். காலையில் மட்டும் மனசு சரியில்லை, மதியத்துக்கு மேல் தேவலை என்கிறவர் அதைத் தேர்ந்தெடுத்துவிடுவார். '14 நாளில் 7 நாளைக்கு மேல்' என்று எண்ணிலேயே எழுதிவிடுங்கள். அதேபோல் 'எப்போதாவது', 'சில சமயம்' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது அதிகம் என்று பத்துப் பேரைக் கேளுங்கள், உங்களுக்கே தெரிந்துவிடும். வாரத்துக்கு எத்தனை நாள், மாதத்துக்கு எத்தனை நாள் என்று எண்ணாக மாற்ற முடிந்த இடத்தில் எல்லாம் மாற்றுங்கள், ஆனால் மூலத்தின் அளவு மாறாமல்.

'கிரேவிங்' என்ற சொல்லோடு நான் பல வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். ஏக்கம் என்றால் காதல் தோல்வி மாதிரி இருக்கிறது, வேட்கை என்றால் சங்க இலக்கிய வகுப்பு, ஆசை என்றால் "ஆசையெல்லாம் இல்ல சார், ஒடம்பு கேக்குது" என்கிறார்கள். அந்த 'உடம்பு கேட்குது' ஒரு பக்கம், 'நாக்கு தவிக்குது' ஒரு பக்கம், 'அதே நெனப்பா இருக்கு' இன்னொரு பக்கம். இந்த மூன்றும் மூன்று வேறு அனுபவம். எந்தக் கேள்வி எதைக் கேட்கிறது என்று மூலத்தைப் பார்த்துப் பிரித்து எழுத வேண்டும், எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டு ஓட்டினால் ஒரே கேள்வியை ஐந்து முறை கேட்ட மாதிரி ஆகும், ஆல்ஃபா 0.95-ஐத் தாண்டும், அதைப் பார்த்து நீங்கள் சந்தோஷப்படுவீர்கள்.

ஆடிட்டின் ஆறாவது கேள்வி, முந்தின நாள் அதிகம் குடித்துவிட்டு மறுநாள் காலையில் எழுந்து நடமாடவே ஒரு டிரிங்க் தேவைப்பட்டதா என்பது. இங்கே டாஸ்மாக் திறப்பது மதியம் 12 மணிக்கு. "காலையில எங்க சார் கடை?" என்று நேர்மையாக இல்லை என்பவர்கள் உண்டு. காலையில் கை நடுங்க ஆரம்பித்தால் ராத்திரியே எடுத்து வைத்ததையோ, பிளாக்கில் கூடக் காசு கொடுத்து வாங்கியதையோ போடுகிறவர்களும் உண்டு, பிளாக் என்பதால் சொல்லத் தயங்குவார்கள். 'எழுந்ததும் கை நடுக்கம் நிற்க' என்று காரணத்தைக் கேள்வியில் நுழைத்துவிடலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். கூடாது, அது வேறு கேள்வியாகிவிடும். 'அன்றைக்கு எழுந்ததும் முதல் வேலையாக' என்பதோடு நிறுத்துங்கள். மேல்விளக்கம் தேவைப்பட்டால் கேட்பவருக்கான குறிப்பில் எழுதுங்கள், எல்லோரும் அதே வார்த்தையில் சொல்லும்படி.

இதில் இன்னொரு சிக்கல், பலர் படிக்க மாட்டார்கள், நாம்தான் வாசித்துக் காட்ட வேண்டும். தாளில் இருப்பது எழுத்துத் தமிழ், வாயில் வருவது பேச்சுத் தமிழ். மூன்று பேர் டேட்டா எடுத்தால் மூன்று பேரும் அவரவர் ஊர்ப் பேச்சில் மாற்றிச் சொல்வார்கள், கடைசியில் உங்களிடம் மூன்று கேள்வித்தாள். வாசித்துக் காட்டும் வாக்கியத்தைப் பேச்சு நடையிலேயே அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள்.

பெஞ்சில் உட்காருங்கள்

எனக்கு ஒரே ஒரு கட்டத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் செய்வேன். எட்டுப் பத்துப் பேரைத் தனித்தனியாகப் பார்த்து, ஒவ்வொரு கேள்வியையும் கேட்டு, பதில் வந்த பிறகு அந்தப் பதில் எப்படி வந்தது என்று விசாரிப்பது. "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். வெள்ளை கோட்டைப் பார்த்து யாரும் புரியவில்லை என்று சொல்ல மாட்டார்கள். "இதையே உங்க தம்பிகிட்ட எப்படிக் கேப்பீங்க?" என்று கேளுங்கள். "இது எந்த வாரம்னு நெனச்சு பதில் சொன்னீங்க?", "ரெண்டு நாள்னு எப்படிக் கணக்குப் பண்ணீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே அவர் வார்த்தையில் எழுதுங்கள், சுத்தப்படுத்தாதீர்கள். திருத்தியதை வேறு ஐந்தாறு பேரிடம் மறுபடி காட்டுங்கள். புதுக் குழப்பம் எதுவும் வரவில்லை என்றால் நிறுத்தலாம்.

எந்த நாளில் கேட்பது

இதுதான் போதை வார்டுக்கே உரிய விஷயம், மற்ற வேலிடேஷன் பாடங்களில் இருக்காது. குடியை நிறுத்தின ஆறேழு மணி நேரத்திலிருந்து வித்ட்ராயல் (குடி நின்றதால் உடம்பு படும் பாடு) ஆரம்பிக்கலாம், இரண்டு மூன்று நாளில் உச்சம், பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் அடங்கும். அந்த நாட்களில் தூக்கம் வராது, பசிக்காது, உடம்பு அசதி, மனசு ஒரு இடத்தில் நிற்காது, உட்கார முடியாமல் உலாத்துவார்கள். இப்போது பி.எச்.க்யூ-9-ஐ எடுத்துப் பாருங்கள். ஒன்பதில் ஐந்து கேள்விகள் இதே ஐந்தைத்தான் கேட்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 2 போட்டாலே 10, வழக்கமாகப் பயன்படுத்தும் எல்லை அதுதான். ஆக, மனச்சோர்வே இல்லாதவருக்கும் மனச்சோர்வு என்று தாள் சொல்லும். போதாததற்கு அவருக்கு நடுக்கத்துக்கான மாத்திரை வேறு போகிறது, பாதித் தூக்கத்தில் இருப்பார்.

அதனால் வித்ட்ராயல் அடங்கி, மாத்திரை குறைந்து, நாள் கிழமை சரியாகச் சொல்கிறார் என்று பார்த்த பிறகுதான் எதையும் கேட்பது. மனச்சோர்வு, பதற்றம் மாதிரியான கேள்விகளுக்கு முடிந்தால் குடிக்காமல் மூன்று நான்கு வாரம் ஆனபின். நிறையப் பேருக்கு அந்த இடைவெளியில் மனச்சோர்வு தானாகவே இறங்கிவிடும். எத்தனையாவது நாள் என்பதை ஒவ்வொரு தாளிலும் குறியுங்கள். ஓ.பி.யில் என்றால் ஊதச் சொல்லும் கருவி ஒன்று கையில் இருக்கட்டும், வாடை வைத்து முடிவு செய்யாதீர்கள். ரொம்ப வருடம் குடித்தவர்களுக்குத் தயமின் (வைட்டமின் பி1) குறைவால் ஞாபக சக்தியே அடிபட்டிருக்கலாம், அவர்கள் சொல்லும் 'போன மாசம்' எந்த மாசம் என்று அவர்களுக்கே தெரியாது. ஒரு சின்ன நினைவாற்றல் சோதனை முதலிலேயே வைப்பது நல்லது.

காலண்டரையும் பாருங்கள். கார்த்திகையில் மாலை போட்டவர் நாற்பத்தெட்டு நாள் தொட மாட்டார், மலைக்குப் போய் இறங்கி மாலையைக் கழற்றிய அன்றே பழைய கணக்கு தொடரும். நவம்பர், டிசம்பரில் 'கடந்த 30 நாள்' கேள்வி கேட்டால் பூஜ்யமாக வந்து குவியும், பொங்கல் கழித்து அதே ஆட்களைக் கேட்டால் வேறு எண். பூஜ்யம் பொய் இல்லை, ஆனால் குணமானதும் இல்லை. "மாலை போட்டிருந்தீங்களா?" என்று ஒரு வரி தாளில் சேர்த்துவிடுங்கள். கடந்த ஒரு வருடத்தைக் கேட்கும் ஆடிட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு.

பக்கத்தில் யார்

மனைவி பக்கத்தில் இருந்தால் குறைவாகச் சொல்வார், அல்லது மனைவி பதில் சொல்வார். மையத்தின் ஊழியர் இருந்தால் டிஸ்சார்ஜ் ஆவதற்கு எது நல்லதோ அதைச் சொல்வார். வீட்டார் கட்டாயப்படுத்திச் சேர்த்தவர் கையெழுத்துப் போட்டார் என்பதால் அது சம்மதம் ஆகிவிடாது. மாட்டேன் என்றால் சாப்பாடோ போன் பேசுவதோ நிற்காது என்று அவருக்கு நிஜமாகவே தெரிய வேண்டும். எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் வாங்குவது முதல் படி, தனி அறையும் மூடிய கதவும் அடுத்தது. கஞ்சா, மாத்திரை பற்றிக் கேட்கிறீர்கள் என்றால் போதைப்பொருள் வைத்திருப்பதையே குற்றமாக்கும் என்.டி.பி.எஸ். சட்டம் நினைவில் இருக்கட்டும், பதில் தாளில் பெயர் வேண்டாம், எண் போதும், பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் வேறு பூட்டில்.

பி.எச்.க்யூ-9-ன் கடைசிக் கேள்வி சாவைப் பற்றியது. அதற்கு 0 தவிர வேறு எது வந்தாலும் அன்றைக்கே, அந்த இடத்திலேயே யாரிடம் சொல்வது என்று முதலிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். டூட்டி டாக்டர் பெயர், அவர் இல்லாவிட்டால் அடுத்தவர், வெளி ஆள் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416. தாளை வாங்கி மூட்டை கட்டி, ஒரு மாதம் கழித்து என்ட்ரி போடும்போது பார்ப்பது என்ற பேச்சே கூடாது.

எண்கள்

இதற்கு ஊரெல்லாம் வீடியோ இருப்பதால் வேகமாகப் போகிறேன். ஃபேக்டர் அனாலிசிஸுக்கு (எந்தக் கேள்விகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்ப்பது) குறைந்தது நூறு பேர், கேள்விக்கு ஏழு பேராவது, இருநூறைத் தாண்டினால் நிம்மதி. பதில்கள் 0, 1, 2, 3 என்று படிப்படியாக இருந்தால் சாதாரணக் கோரிலேஷன் (இரண்டு பதில்கள் சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்ற அளவு) வேண்டாம், படிப்படியான பதில்களுக்கென்றே இருக்கும் பாலிகோரிக் எடுங்கள். முன்கூட்டியே நினைத்த அமைப்பு பொருந்துகிறதா என்று பார்க்கும் சி.எஃப்.ஏ.வில், பொருத்தத்தைச் சொல்லும் எண்களான சி.எஃப்.ஐ. 0.95-ஐ ஒட்டியும் ஆர்.எம்.எஸ்.இ.ஏ. 0.06-ஐ ஒட்டியும் இருந்தால் நல்லது, ஆனால் அது வேதவாக்கு இல்லை. ஆல்ஃபாவோடு, அதே உள் ஒற்றுமையை அளக்கும் ஒமேகாவும் கொடுங்கள். கணக்குப் போடும் சாஃப்ட்வேர்களில் ஜமோவி, ஆர் இரண்டும் இலவசம், திருட்டு சாஃப்ட்வேர் தேவையில்லை.

ஆட்களை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வார்டில் மட்டும் எடுத்தால் எல்லோருக்கும் ஆடிட் முப்பதுக்கு மேல், ஏற்ற இறக்கமே இல்லாமல் எல்லாக் கோரிலேஷனும் படுத்துவிடும். அதைச் சரி செய்ய வார்டையும் ஒரு சொட்டுக்கூடத் தொடாத கல்லூரிப் பிள்ளைகளையும் ஒப்பிட்டால் கருவி அற்புதமாகப் பிரித்துக் காட்டும், அதைப் பிரிக்கக் கேள்வித்தாளே வேண்டாமே, வாட்ச்மேனே பிரிப்பார். நடுவில் இருக்கிறவர்கள்தான் வேண்டும். வயிற்று வலிக்காக ஜெனரல் ஓ.பி.க்கு வருகிறவர், சனிக்கிழமை மட்டும் குடிக்கிறவர், விட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தவர்.

எல்லை எண்ணை முடிவு செய்ய ஒரு உரைகல் வேண்டும், அது பயிற்சி பெற்றவர் செய்யும், 'மினி' (வரையறுத்த கேள்விகளோடு மனநோய்களைக் கண்டறிவது) மாதிரியான நேர்காணல். அதைச் செய்பவருக்குக் கேள்வித்தாளின் மதிப்பெண் தெரியக் கூடாது. ஏன் பி.எச்.க்யூ-9-ன் பழைய எல்லையான 10-ஐயே வைத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டால், ஒரு கற்பனைக் கணக்கு: நூறு பேரில் நிஜமாகவே மனச்சோர்வு இருப்பவர்கள் 30. கருவி அதில் 27 பேரைப் பிடிக்கிறது, சென்சிடிவிட்டி (நோய் இருப்பவர்களைப் பிடிக்கும் திறன்) 90 சதவீதம், பிரமாதம். ஆனால் மனச்சோர்வு இல்லாத 70 பேரில் 42 பேரையும் சேர்த்துப் பிடிக்கிறது. மொத்தம் பிடிபட்ட 69 பேரில் நிஜம் 27, பத்துக்கு நாலுதான். எல்லையை 12, 14 என்று ஏற்றிப் பார்த்து, ஒவ்வொரு எல்லைக்கும் சரியாகப் பிடித்ததையும் தப்பாகப் பிடித்ததையும் காட்டும் ஆர்.ஓ.சி. வளைவில் உங்கள் வார்டுக்கு எது கட்டுப்படியாகும் என்று முடிவு செய்யுங்கள்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்கும் சோதனையில் எண் குறைவாக வந்தால் கருவியைத் திட்டாதீர்கள். சிகிச்சையில் இருப்பவர் நிஜமாகவே மாறிக்கொண்டிருக்கிறார். இரண்டு மூன்று நாள் இடைவெளி வைக்கலாம், அல்லது நிலைமை பெரிதாக மாறவில்லை என்று அவரும் வார்டு நர்ஸும் சொல்கிறவர்களை மட்டும் கணக்கில் எடுக்கலாம்.

பெண்கள் எத்தனை பேர் என்று எழுதுங்கள். நம்மூர் மையங்களில் பல சமயம் இரண்டு, மூன்று, அல்லது யாருமே இல்லை. அப்படியானால் தலைப்பிலேயே 'ஆண்களிடம்' என்று போடுங்கள், உள்ளே பதினேழாம் பக்கத்தில் குறைபாடுகள் பகுதியில் ஒளிக்க வேண்டாம்.

இன்னும் ஒன்று, அற்பமாகத் தோன்றும். தாளின் அடியில் பதிப்பு எண்ணும் தேதியும் அச்சடியுங்கள். ஒரு முறை நாங்கள் 'குற்ற உணர்வை' மாற்றிய பிறகு ஜெராக்ஸ் கடையில் பழைய மாஸ்டரைக் கொடுத்துவிட்டோம். கண்டுபிடித்தபோது நாற்பத்தோரு பேர் முடிந்திருந்தது, எது எந்தத் தாள் என்று பிரிக்க வழியில்லை, நாற்பத்தொன்றையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி பெஞ்சுக்குப் போனோம்.